கமிட்டியில் "பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள், சட்டம் என்ன சொல்கிறது?

மல்லிச்சரம் (சாட்ஸ்வர்த்)
செவ்வாய், 25 நவம்பர் 2025, இரவு 8.40

போன வெள்ளிக்கிழமை நடந்தது இது. அன்றைக்குத்தான் தென்னாப்பிரிக்கா முழுக்கப் பெண்கள் கறுப்பு உடுத்தி, நண்பகலில் 15 நிமிடம் தரையில் படுத்தார்கள். இங்கே நாளுக்கு 15 பெண்கள் கொலையாகிறார்கள் என்பதற்காக அந்த 15. ஜி20 தலைவர்கள் ஜோகன்னஸ்பர்க்கில் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். எங்கள் வாட்ஸ்அப்பில் பாதிப் பேரின் முகப்புப் படமும் இதற்காகவே ஊதா.

சாயங்காலப் பூஜைக்கு நாலைந்து பெண்பிள்ளைகள் அதே கறுப்பு உடுப்போடு வந்துவிட்டார்கள். "வெள்ளிக்கிழமை, அம்மன் சன்னதி, கறுப்பா?" என்று ஆரம்பித்த பேச்சு, பூஜை முடிந்து கமிட்டி கூடியும் ஓயவில்லை. முக்கால் மணி நேரம்.

அதே நேரம் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு பெண் என்னிடம் கையைக் காட்டினாள். ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவள், கையில் குழந்தை. "கதவில் இடித்துக்கொண்டேன்" என்றுதான் தொடங்கினாள். கதவு நாலு விரல் பதிக்காது. பாஸ்போர்ட் வீட்டுக்காரரிடம், போன் அவரிடம், வீட்டுச் சாவி மாமியாரிடம். "பெரியவர்களிடம் சொல்லுங்கள் அக்கா" என்றாள். சொன்னேன். ஐந்தே நிமிடம். "குடும்ப விஷயம், இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், தை பிறக்கட்டும்" என்றார்கள்.

அரசாங்கம் சட்டம் போட்டிருக்கிறது என்கிறார்கள், இப்போது பெண்கள் மீதான வன்முறையைத் தேசியப் பேரிடர் என்றுகூட அறிவித்துவிட்டார்கள். கோயிலில் பேசியே தீரக்கூடிய விஷயமா இது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*[நடுவர் திருத்தியது: அடையாளம் தெரியக்கூடிய 2 வரிகள் நீக்கப்பட்டன.]*

---

நடுவர்
இரவு 8.58

மல்லி, மன்னிக்கவும், கைவைக்க வேண்டியதாகிவிட்டது. உங்கள் கோயில் ஆட்கள் இந்தத் தளத்தைப் படிக்கிறார்கள், அந்தப் பெண்ணின் வீட்டுக்காரரும் படிக்கலாம். எல்லோருக்கும் சொல்கிறேன்: ஊர், தெரு, கோயில் பெயர் எதுவும் வேண்டாம். வீட்டுக் கணினியில் இதைப் படிக்கும் பெண்கள் படித்து முடித்ததும் உலாவியின் வரலாற்றை அழித்துவிடுங்கள்.

---

வராந்தா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)
இரவு 9.35

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பாதி நாள் வராந்தாவில்தான் போகும், அதனால்தான் இந்தப் பெயர்.

தை பிறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். 1998-ல் குடும்ப வன்முறைச் சட்டம் வந்தது. அதன்படி அந்தப் பெண் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. கிளார்க் கொடுக்கும் படிவத்தில் நடந்ததை எழுதி, சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார்கள். அவசரம் என்றால் கோர்ட் நேரம் முடிந்த பிறகும், விடுமுறை நாளிலும்கூட மனுப் போடலாம்.

ஆபத்து இருப்பது மாஜிஸ்திரேட்டுக்குத் தெளிவாகத் தெரிந்தால், வீட்டுக்காரரைக் கூப்பிடாமலே இடைக்கால உத்தரவு போடுவார். அதோடு ஒரு கைது வாரண்டும் எழுதி, நிறுத்திவைக்கப்பட்ட நிலையில் கூடவே கிடக்கும். உத்தரவை அவர் மீறினால் அந்த வாரண்ட் உயிர்பெறும். மீறியதற்கு 5 வருடம் வரை சிறை.

ஊரிலிருந்து வரும் பெண்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: சட்டம் குடியுரிமையைப் பார்ப்பதில்லை, உறவைத்தான் பார்க்கிறது. கோயிலில் தாலி கட்டி, பதிவே செய்யாமல் விட்ட கல்யாணமும் இதில் சேரும். நம் ஆட்களில் எத்தனை பேர் உள்துறை அலுவலகப் பதிவை "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டிருக்கிறார்கள்! 1913-ல் இந்து, முஸ்லிம் கல்யாணங்கள் செல்லாது என்று கேப் நீதிமன்றம் சொன்னதற்காகப் பெண்கள் சிறைக்குப் போனார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று திரும்பித்தான் தில்லையாடி வள்ளியம்மை 16 வயதில் இறந்தாள். அந்த நாட்டில்தான் இன்றைக்கு இந்தச் சட்டம், கல்யாணம் எந்தச் சமயப்படி நடந்திருந்தாலும் ஏற்றுக்கொள்கிறது.

பாஸ்போர்ட்டைப் பற்றி. போலீஸ்காரர் ஒருவர் துணைக்கு வர, அவள் வீட்டுக்குப் போய்த் தன் சாமான்களை எடுத்துக்கொள்ளலாம் என்று கோர்ட்டே உத்தரவிடும். மனுவில் அதைத் தனியாகக் கேட்கவேண்டும். கேட்காததை யாரும் தரமாட்டார்கள்.

---

மிட்ராண்ட் மாப்பிள்ளை
இரவு 10.12

எல்லாம் சரி சார். ஆனால் ஆணை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் உத்தரவு போடுவது நியாயமா? என்னோடு வேலை பார்த்த ஒருவர், பிரிந்து போன மனைவி போட்ட மனுவால் மூன்று வாரம் சொந்த வீட்டுக்குள் போகமுடியவில்லை. எல்லா ஆணும் அடிப்பவன் இல்லை.

---

வராந்தா
இரவு 10.31

எல்லா ஆணும் அடிப்பவன் என்று யாரும் சொல்லவில்லை தம்பி. இடைக்கால உத்தரவு கைக்குக் கிடைத்து குறைந்தது 10 நாள் கழித்து ஒரு தேதி வரும். அன்றைக்கு அவர் தன் பக்கத்தைச் சொல்லலாம். அதுவரை பொறுக்க முடியாது என்றால் 24 மணி நேர அறிவிப்புக் கொடுத்து அந்தத் தேதியை முன்னால் இழுக்கலாம். சத்தியப் பத்திரத்தில் பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றம்.

பொய் மனுக்களும் வந்ததுண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வராந்தாவில் நான் அதிகம் பார்த்தது வேறு. மனுப் போட்ட பெண், விசாரணைத் தேதியன்று மாமியாரோடும் புருஷனோடும் ஒரே காரில் வந்து "வாபஸ்" என்பாள். கூடவே ஒரு பெரியவர் வேட்டியோடு வருவார். பேசித் தீர்த்துவிட்டோம் என்பார். ஆறு மாதத்தில் அதே பெண் திரும்ப வருவாள். இந்தத் தடவை கழுத்தில் துப்பட்டா.

---

டோங்காட் ஆயா
புதன், 26 நவம்பர், காலை 6.05

பேத்தி தட்டிக் கொடுக்கிறாள், நான் சொல்லச் சொல்ல.

பேரிடர் என்று அறிவித்துவிட்டார்களாம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கும் பேரிடர் என்றுதான் சொன்னார்கள். டோங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை, வாளியைத் தூக்கிக்கொண்டு டேங்கர் பின்னால் ஓடினோம். அதனால் அந்த வார்த்தைக்கு நான் அதிகம் மகிழமாட்டேன்.

என் காலத்தில் சட்டமே கிடையாது. மில் பாரக்ஸில் இருந்தோம். அவர் குடித்துவிட்டு வந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும், நாலு வீட்டு ஆண்களும் கேட்காத மாதிரி வானொலிச் சத்தத்தைக் கூட்டிவைப்பார்கள். ஒரு தடவை போலீசுக்குப் போனேன். "டொமெஸ்டிக்" என்று ஒரே வார்த்தை, குடும்பச் சண்டை என்று அர்த்தமாம். அன்றைக்கு எனக்கு அந்த இங்கிலீஷ் தெரியாது, நாய் பூனை வளர்ப்பதைச் சொல்கிறான் என்று நினைத்துத் திரும்பி வந்தேன். பூசாரி ஐயாவிடம் போனேன். பொறுத்துப் போ என்றார், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்று என்றார். ஊற்றினேன். பதினொரு வருடம்.

அந்தப் பிள்ளையைத் தனியே அனுப்பாதே மல்லி.

---

பழைய ஃபைல் (டர்பன்)
காலை 8.20

ஆயா எழுதியதைப் படித்துவிட்டுத் தேநீர் ஆறிப்போனது.

30 வருடம் சமூகப் பணியாளராக இருந்தேன். ஆயா சொல்லும் காலம் சட்டமே இல்லாத காலம்தான். மனைவியைக் கணவன் பலாத்காரம் செய்தால் குற்றம் என்பது இந்த நாட்டுச் சட்டத்தில் 1993-ல்தான் ஏறியது. அதற்கு முன்னால், 1980களிலேயே, டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் அன்ஷு படையாச்சி அடிபட்ட பெண்களுக்காக ஓர் ஆலோசனை மேசை தொடங்கினார். அன்றைக்கு நம் ஆட்கள் எத்தனை பேர் "நம் வீட்டு அழுக்கை வெளியே கொட்டுகிறாள்" என்றார்கள் தெரியுமா? சொன்னவர்கள் வீட்டுப் பெண்களே பின்வாசல் வழியாக அங்கே வந்தார்கள்.

சட்டத்தால் ஒன்றும் நடக்காது என்றும் நான் சொல்லமாட்டேன். 1999-ல் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் கணக்கெடுத்தபோது ஆறு மணி நேரத்துக்கு ஒரு பெண் கணவன் அல்லது துணைவன் கையால் செத்தாள். 2009-ல் அது எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. துப்பாக்கிக்கு உரிமம் வாங்குவதைக் கடினமாக்கிய 2000-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அதில் பங்கு உண்டு. சுடப்பட்டுச் செத்தவர்கள் குறைந்தார்கள். எட்டு மணி நேரம் என்பதும் வெட்கக்கேடுதான். ஆனால் அந்த இரண்டு மணி நேர வித்தியாசத்தில் எத்தனை பெண்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதனால் மல்லி, முதல் கேள்வி: வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? இருந்தால் மனுவில் முதலில் அதை எழுதச் சொல்லுங்கள். பறிமுதல் செய்யக் கோர்ட் உத்தரவிட முடியும்.

---

மல்லிச்சரம்
காலை 8.51

இருக்கிறது. பெட்ரூம் அலமாரியில், சேலைகளுக்குக் கீழே. அவளே சொன்னாள். இதை நான் கமிட்டியில் சொல்ல மறந்துவிட்டேன். சொல்லியிருக்கவேண்டும்.

---

வெருலம் வாத்தியார்
காலை 11.15

பெண்ணை அடிப்பவன் மிருகம். அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் இந்த அரசாங்கம் எங்கே போய் நிற்கிறது என்றால், பெற்ற பிள்ளையைக் கண்டித்து ஒரு தட்டுத் தட்டினாலும் குற்றம் என்கிறது. அடியாத மாடு படியாது என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? எங்கள் தமிழ்ப் பள்ளியில் பிரம்பு போன பிறகு ஒழுங்கும் கூடவே போய்விட்டது.

---

பழைய ஃபைல்
நண்பகல் 12.40

வாத்தியாரே, அந்தப் பழமொழி மாட்டைப் பற்றியது.

பள்ளியில் பிரம்பு 1996-லேயே போய்விட்டது. வீட்டில் "நியாயமான, மிதமான" அடி என்று பெற்றோர் தப்பிக்கும் வழியை அரசியல் சாசன நீதிமன்றம் 2019 செப்டம்பர் 18-ல் அடைத்தது. அதே நாளில்தான், கேப்டவுன் தபால் நிலையத்தில் கொல்லப்பட்ட மாணவி உயினேனேவுக்காக நாடே தெருவில் இறங்கியிருக்க, அதிபர் ரமபோசா நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் பெண்கள் மீதான வன்முறை பற்றிப் பேசினார். இரண்டும் வேறு வேறு செய்தியாகத்தான் பத்திரிகையில் வந்தன. எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது. அப்பா அம்மாவை அடிக்கிற வீட்டில், அம்மா மூத்தவனை அடிப்பாள், மூத்தவன் தங்கையை அடிப்பான். என் ஃபைல்களில் முக்கால்வாசி இந்த வரிசைதான்.

இன்னொன்று, இது கமிட்டிக்காரர்களுக்கு. குழந்தை சட்டத்தின் 110-ஆம் பிரிவில், ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவர்களின் பட்டியல் இருக்கிறது. ஆசிரியர், டாக்டர், நர்ஸ் என்று போகும் அந்தப் பட்டியலில் சமயத் தலைவரும் இருக்கிறார். நம் குருக்களும் இதில் அடக்கம். தெரிவிக்கப் படிவம் 22 இருக்கிறது. சந்தேகம் உறுதியாக வேண்டும் என்றில்லை, நியாயமான காரணம் இருந்தால் போதும். குடும்ப வன்முறைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்தக் கடமையை இன்னும் விரித்தது: குழந்தை, மாற்றுத்திறனாளி, முதியவர் மேல் வீட்டில் வன்முறை நடக்கிறது என்று தெரிந்த எந்த வயதுவந்தவரும் போலீசிடமோ சமூகப் பணியாளரிடமோ சொல்லவேண்டும். சொல்லாமல் இருந்தால் அது குற்றம். அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் முடித்த கமிட்டிக்கு இதைப் படித்துக்காட்டுங்கள்.

---

மிட்ராண்ட் மாப்பிள்ளை
பிற்பகல் 1.05

குருக்கள் போய் போலீசில் சொன்னால் அடுத்த வாரம் அந்தக் குடும்பமே கோயிலுக்கு வராது. நன்கொடையும் நின்றுவிடும். நடைமுறையைச் சொல்கிறேன், சண்டைக்கு வராதீர்கள்.

---

கறுப்பு உடுப்பு 3 (சாட்ஸ்வர்த்)
பிற்பகல் 1.22

வெள்ளிக்கிழமை கறுப்பு உடுத்தி வந்தவர்களில் நானும் ஒருத்தி. தமிழில் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணா, நீங்கள் சொன்னதில் எனக்குப் புரிந்தது: நன்கொடை கொடுப்பவர் கோயிலுக்கு வரவேண்டும், அவர் அடிக்கும் அக்கா வராவிட்டால் பரவாயில்லை. சரியாகப் புரிந்துகொண்டேனா?

---

மிட்ராண்ட் மாப்பிள்ளை
பிற்பகல் 1.40

...சரி. அப்படி எழுதினால் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

---

மல்லிச்சரம்
புதன் இரவு 10.02

இன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை.

அவர் வேலைக்குப் போன நேரத்தில் அவளையும் குழந்தையையும் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு போலீஸ் நிலையத்துக்குப் போனேன். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். கவுண்டரில் இருந்தவர் கையைப் பார்த்தார். "நீங்கள் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு வாங்கிக்கொண்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்றார். அடித்ததற்குக் கேஸ் எழுதமாட்டீர்களா என்று கேட்டேன். புருஷன் பெண்டாட்டி விஷயம், நாளைக்கே வாபஸ் வாங்குவாள், எங்களுக்குத்தான் பேப்பர் வேலை என்றார்.

கமிட்டியில் கேட்ட அதே வாக்கியம், வேறு மொழியில். சட்டம் ஒரு புத்தகம் அளவுக்கு இருக்கிறது, ஆனால் கவுண்டருக்கு இந்தப் பக்கம் வரமாட்டேன் என்கிறது. வெளியே வந்து காரில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். குழந்தை மட்டும் என் சாவிக்கொத்தை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது.

---

வராந்தா
இரவு 10.20

அவர் செய்தது தவறு. பாதுகாப்பு உத்தரவு வேறு, அடித்ததற்கான கிரிமினல் கேஸ் வேறு. இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம், ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை. அடிபட்டவளுக்குத் தங்க இடமும் மருத்துவமும் கிடைக்க உதவுவது, உரிமைகளைப் புரியும் மொழியில் சொல்வது, எல்லாம் போலீசின் சட்டப்படியான கடமை.

நாளைக்கு இப்படிச் செய்யுங்கள். நேரே கோர்ட்டுக்குப் போங்கள். காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வரிசை நீண்டுவிடும். மனுவில் தேதிகளை எழுதுங்கள்: "எப்போதும் அடிப்பார்" என்று எழுதினால் மாஜிஸ்திரேட்டுக்கு ஒன்றும் தெரியாது. கடைசியாக எப்போது, எதனால், எங்கே, குழந்தை எங்கே இருந்தது? துப்பாக்கி, பாஸ்போர்ட், வீட்டுச் சாவி, பணம். வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் வைத்திருப்பதும், நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் இந்தச் சட்டத்தில் வன்முறைதான், அடி மட்டும் இல்லை. கையின் படத்தை உங்கள் போனில் எடுத்து வைத்திருக்கிறீர்களா? அவள் போனில் வேண்டாம். இப்போது தங்கும் முகவரியை உத்தரவில் போடவேண்டாம் என்று கிளார்க்கிடம் சொல்லுங்கள், அதற்கு வழி இருக்கிறது.

அப்புறம் மீண்டும் நிலையத்துக்குப் போய், அந்தக் கவுண்டர்காரரிடம் இல்லை, நிலையத் தலைவரைக் கேளுங்கள். கேஸ் நம்பர் இல்லாமல் வெளியே வராதீர்கள். மறுத்தவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் கேட்டாலே பல சமயம் பேனா தானாக எழுதும்.

---

பழைய ஃபைல்
இரவு 10.44

ராத்திரியில் ஏதாவது ஆனால் 0800 428 428. சமூக வளர்ச்சித் துறையின் கட்டளை மையம், 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை. அங்கே இருப்பவர்களும் சமூகப் பணியாளர்கள்தான். குழந்தைக்கு என்றால் 116. அந்தச் சைல்ட்லைன் 1986-ல் நம் மாகாணத்தில் பிறந்ததுதான்.

பாலியல் கொடுமையும் நடந்திருந்தால் (அவளாகச் சொல்லமாட்டாள், நீங்கள் மெல்லக் கேட்கவேண்டும்) நிலையத்துக்குப் போகும் முன்னாலேயே துதுசெலா மையத்துக்குப் போகலாம். ஃபீனிக்ஸ் மகாத்மா காந்தி மருத்துவமனையில் ஒன்று இருக்கிறது. டாக்டர், ஆலோசகர், போலீஸ் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அந்தப் பெயருக்கு ஹோசா மொழியில் ஆறுதல் என்று அர்த்தம். அரசாங்கம் செய்தவற்றில் நான் மனதாரப் பாராட்டுவது இது ஒன்றைத்தான். 72 மணி நேரத்துக்குள் போனால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் கிடைக்கும்.

காப்பகம் பற்றியும் ஒரு வார்த்தை. பல காப்பகங்களில் ஓரளவு வளர்ந்த ஆண்பிள்ளைகளைத் தாயோடு சேர்ப்பதில்லை. இவளுடையது கைக்குழந்தை, கவலை இல்லை. 12 வயது மகனை விட்டுவிட்டு வரமுடியாமல் அடிக்கிற வீட்டுக்கே திரும்பிப் போன தாய்மாரை எனக்குத் தெரியும்.

---

வெருலம் வாத்தியார்
வியாழன், 27 நவம்பர், காலை 5.30

மாடு பற்றிச் சொன்னதற்கு ராத்திரி வெகுநேரம் கோபமாக இருந்தேன். இப்போது இல்லை. பிரம்பு விஷயத்தில் என் கருத்து இன்னும் முழுக்க மாறவில்லை, அதை வேறு இழையில் பேசுவோம்.

மல்லி, என்னிடம் ஒரு பழைய கொரொல்லா இருக்கிறது. உன் காரை அந்த வீட்டுக்காரர் அடையாளம் தெரிந்துகொண்டிருப்பார். கோர்ட்டுக்கு நான் ஓட்டுகிறேன். 70 வயதுக்காரன் பக்கத்தில் இருந்தால் கிளார்க் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்.

---

மல்லிச்சரம்
வெள்ளி, 28 நவம்பர், இரவு 9.17

சுருக்கமாக எழுதுகிறேன், தூக்கம் கண்ணைச் சுற்றுகிறது.

நேற்று ஏழரைக்கே போய்விட்டோம். வாத்தியார் ஐயா வேட்டியோடு வந்தார், வராந்தா சொன்ன அந்தப் பெரியவர் மாதிரியே, ஆனால் வேறு வேலைக்கு. மொழிபெயர்க்க ஆள் வர நேரமாகும் என்றார்கள், கறுப்பு உடுப்பு 3 தன் அரைகுறைத் தமிழோடு (அவளே சொன்ன வார்த்தை) கிளார்க்குக்கும் இவளுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். "அவர் என்னை வெளியே விடுவதில்லை" என்பதற்கு இங்கிலீஷ் தெரிந்தது. "ஏளனம்" என்பதற்குத்தான் திண்டாடினாள்.

பிற்பகல் இரண்டு மணிக்கு இடைக்கால உத்தரவு கையில். துப்பாக்கியைப் பறிமுதல் செய்யச் சொல்லி ஒரு வரி, போலீஸ் துணையோடு சாமான் எடுக்க ஒரு வரி. இன்றைக்குப் போய் எடுத்தோம். பாஸ்போர்ட் பூஜை அறையில், சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. துப்பாக்கி அலமாரியில் இல்லை. அவர் தம்பி வீட்டில் இருக்கலாம் என்கிறார்கள், போலீஸ் தேடுகிறது. அதுதான் இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

நிலையத்தில் கேஸ் நம்பரும் கிடைத்தது. அதே கவுண்டர்காரர்தான் எழுதினார். பெயர் கேட்டேன் வராந்தா, நீங்கள் சொன்னது சரி.

இன்றைக்குப் பூஜைக்கு நான் போகவில்லை. கமிட்டியிலிருந்து ஒருவர் போன் செய்தார். எதற்குக் கோர்ட் வரைக்கும் போனீர்கள், நாங்கள் பேசியிருப்போமே என்றார். 110-ஆம் பிரிவைப் படித்துக்காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "குருக்களுக்குமா?" என்றார். குருக்களுக்கும்தான் என்றேன். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசவேண்டும் என்று வைத்துவிட்டார். பேசுவார்களா, மறுபடி கறுப்புச் சேலையைப் பற்றிப் பேசுவார்களா தெரியாது.

விசாரணைத் தேதி டிசம்பரில். அன்றைக்கு அவளோடு வர இரண்டு பேர் வேண்டும், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பார்க்கிங்கிலேயே வழிமறித்து "வாபஸ் வாங்கிவிடு" என்பார்கள்.

---

மிட்ராண்ட் மாப்பிள்ளை
இரவு 9.40

நான் அந்த வாரம் டர்பன் வருகிறேன், வேலை விஷயமாக. பார்க்கிங்கில் நிற்க ஆள் வேண்டும் என்றால் நிற்கிறேன்.

---

டோங்காட் ஆயா
சனி, 29 நவம்பர், காலை 6.10

படித்துக் காட்டினாள். அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று கேட்கமாட்டேன். பால் கொடுக்கிறவளா? காரம் சேருமா? எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் போட்டு வைத்திருக்கிறேன், சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்து வைத்திருக்கிறேன். வாத்தியார் இந்தப் பக்கம் கார் ஓட்டி வருவாரா?

---

வெருலம் வாத்தியார்
காலை 6.32

பத்து மணிக்கு வருகிறேன் ஆயா.